இங்கு இன்ஜின் சௌக்கியம்

வடக்குவேலி,
திருப்பனந்தாள் வழி.
கார்த்திகை மாதம், செவ்வாய்க்கிழமை.

சிங்கப்பூரில் கப்பல் பழுது பார்க்கும் கம்பெனியில் மெயின்டனன்ஸ் இன்ஜினீயராக விளங்கும் மதிப்புக்குரிய மாப்பிள்ளை இளஞ்செழியன் அவர்களுக்கு, மாமனார் வீரையன், உடற்பயிற்சி ஆசிரியர் (ஓய்வு), எழுதிக்கொள்வது யாதெனில்,

இங்கு நானும் உங்கள் அத்தையும் சுகம். பசு போன வாரம் கன்று போட்டது, இரண்டும் சுகம். தாங்கள் வாங்கித் தந்த பெட்ரோல் இன்ஜின் பரிபூரண சுகம். இந்த வரிசையில் கடைசியாக எழுதியதைத்தான் தாங்கள் முதலில் விசாரிப்பீர்கள் என்பது தெரியும். அதற்காக நான் வருத்தப்படுகிறவன் அல்ல. அங்கே தாங்களும் மகள் குந்தவையும் பேரனும் இதேபோல் ஆயில் குறையாமல், புகை கக்காமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

போனில் சொல்ல வேண்டியதைக் கடிதமாக எழுதுவானேன் என்று நினைப்பீர்கள். போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் தாங்கள் மூன்று கேள்வி கேட்டுவிடுகிறீர்கள். ஆயில் பார்த்தீங்களா மாமா, ஃபில்டர் கழுவினீங்களா மாமா, பிளக்கைத் துடைச்சீங்களா மாமா என்று வரிசையாக வருகிறது. நான் முப்பது வருஷம் பள்ளிக்கூட மைதானத்தில் விசில் ஊதியவன். கேள்வி கேட்டுப் பழகியவனுக்குப் பதில் சொல்லும் பழக்கம் இந்த வயதில் வருமா? அதோடு குந்தவை போனை ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள், பேரன் நடுவில் புகுந்து மாட்டைக் காட்டு என்கிறான், மாட்டைக் காட்டியதும் நேரம் முடிந்துவிடுகிறது. ஆகவே லீவு முடிந்து வெள்ளிக்கிழமை அங்கே திரும்பும் நம் தெரு ஃபாஜிலிடம் மோர்மிளகாயோடு இந்தக் கடிதத்தையும் கொடுத்து அனுப்புகிறேன். மோர்மிளகாயைப் பிறகு பாருங்கள், கடிதத்தை முதலில் படியுங்கள்.

நமக்குள் ஆன ஒப்பந்தம் தங்களுக்கு நினைவிருக்கும். எனக்கு அது தூக்கத்திலும் நினைவிருக்கிறது. போன வருஷம் ஐப்பசி மழையில் சம்பா முழுகியபோது தண்ணீர் இறைக்கும் வாடகை இன்ஜின் சொன்ன நாளில் வரவில்லை, வந்த நாளில் பயிர் இல்லை, நடுவில் நான் மடையைத் திறக்கப் போய் வழுக்கி சிமெண்டுக் கட்டையில் தோள் இடிபட விழுந்தேன். தாங்கள் விமானம் பிடித்து வந்து, கும்பகோணத்து ஆஸ்பத்திரியில் என் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, குரலை உயர்த்தாமல் சொன்னீர்கள்: “இன்ஜின் நான் வாங்கித் தர்றேன் மாமா. அதை ஒழுங்கா மெயின்டெயின் பண்ணி அடுத்த சம்பா ஒரு போகத்தைக் காப்பாத்திட்டீங்கன்னா, அப்புறம் நான் வாயத் திறக்க மாட்டேன். இல்லேன்னா தை மாசம் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுட்டு நீங்களும் அத்தையும் தஞ்சாவூர் ஃபிளாட்டுக்கு வந்துடணும்.” நான் சரி என்றேன். மாப்பிள்ளை சொல்லை மாமனார் தட்டக்கூடாது என்பது ஒரு காரணம். கையில் கட்டுப் போட்டிருந்தது இன்னொரு காரணம். தோள் இப்போது பூரண குணம். அதை இங்கேயே எழுதி முடித்துவிடுகிறேன், மறுபடி எழுத வேண்டியதில்லை.

அந்த ஃபிளாட்டைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. காற்று வருகிறது, தண்ணீர் வருகிறது, லிஃப்டும் பெரும்பாலும் வருகிறது. ஜன்னலைத் திறந்தால் எதிர் ஃபிளாட்டின் ஜன்னல் தெரிகிறது. அவர்களும் திறந்தால் நாம் தெரிகிறோம். நல்ல மனிதர்கள் போலத்தான் இருக்கிறது. ஆனால் காலையில் எழுந்து எதைப் பார்க்கப் போவது மாப்பிள்ளை? சம்பா நட்டவனுக்கு விடிந்ததும் போய்ப் பார்க்க ஒன்று இருக்கிறது. அது இல்லாமல் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஆகவே இன்ஜின் வந்து இறங்கிய நாளிலிருந்து அதன் பராமரிப்பை ஒரு நாளும் விட்டுவைக்கவில்லை. சமதளத்தில் வைத்துத்தான் ஆயில் பார்க்க வேண்டும் என்று வீடியோவில் காட்டினீர்கள். இந்த வீட்டில் சமதளம் என்று ஒன்று கிடையாது என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. கூடம் வாசலைப் பார்த்துச் சரிந்திருக்கிறது, வாசல் தெருவைப் பார்த்துச் சரிந்திருக்கிறது, கொட்டகையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், மாடே ஒரு பக்கம் சாய்ந்துதான் நிற்கிறது. ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி அறை அறையாக வைத்துப் பார்த்ததில் சாமி அறை ஒன்றுதான் தேறியது. விளக்கு எரிகிற இடத்தில் பெட்ரோலைக் கொண்டுவந்து வைப்பதா என்று உங்கள் அத்தை மறித்துக்கொண்டாள். நியாயமான பேச்சுதான். அதனால் விளக்கை வெளியே வைத்தோம். ஒரு மாதம் சாமிக்குக் கூடத்தில்தான் விளக்கு எரிந்தது.

ஆயில் கோட்டைத் தாண்டக் கூடாது என்றும் சொல்லியிருந்தீர்கள். அங்கேதான் சிறு பிசகு ஆகிவிட்டது. நம் வீட்டில் எதையும் கோடு பார்த்து ஊற்றிப் பழக்கமில்லை. தலைதீபாவளிக்கு வந்தபோது போதும் போதும் என்று தாங்கள் இரண்டு கையையும் இலைமேல் விரித்து மறைத்தும் விரல் சந்தில் பாயசம் ஊற்றிய குடும்பம் இது. மாப்பிள்ளை கொடுத்த இன்ஜினுக்கு முக்கால் வயிறு ஆயில் ஊற்ற மனசு வருமா? நிறையவே ஊற்றினேன். இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும் வெள்ளைப் புகை கிளம்பி, தெருவில் போன பஸ் ஹெட்லைட் போட்டுக்கொண்டது. பக்கத்து வயல்காரர் மருதையன் வைக்கோல் போர்தான் தீப்பிடித்துவிட்டது என்று குடத்தோடு ஓடி வந்தார். வந்தவர் விஷயம் தெரிந்து, குடத்தைக் கீழே வைத்து, ஒரு காபி சாப்பிட்டுவிட்டுப் போனார். அப்புறம் அதிகப்படி ஆயிலை வடித்து எடுத்துக் கிணற்று ராட்டினத்துக்கும் வாசல் கேட்டுக்கும் போட்டோம், அவையும் இப்போது சத்தமில்லாமல் நன்றாக இருக்கின்றன.

ஏர் ஃபில்டர் என்று அதற்குள் ஒரு பஞ்சு இருக்கிறதல்லவா, அதைச் சோப்புத் தண்ணீரில் அலசிப் பிழிந்து நிழலில் காயப்போட வேண்டும் என்பது தங்கள் உத்தரவு. அப்படியே அலசிப் பிழிந்து கொல்லைக் கொடியில் போட்டேன். அன்றைக்கு நல்ல கெண்டை மீன் கிடைத்திருந்தது. குழம்பு வைத்த சட்டியைத் தேய்க்க வந்த உங்கள் அத்தை, பஞ்சு புதுசாக இருக்கிறதே என்று அதையே எடுத்துத் தேய்த்துவிட்டாள். நான் அவளைக் குற்றம் சொல்லவில்லை, சட்டி நன்றாகத்தான் வெளுத்திருந்தது. மறுபடி மூன்று முறை அலசி மாட்டினேன். பஞ்சு கிழியவில்லை, அது முக்கியம். ஆனால் இன்ஜின் ஓடும்போதெல்லாம் மீன்குழம்பு வாடை வந்தது, எதிர்வீட்டுப் பூனை ஒரு வாரம் அதன் பக்கத்தைவிட்டு நகரவில்லை. வீடியோவில் ஸ்டார்ட் பண்ணிக் காட்டச் சொன்னீர்களே, அன்று நடுவில் வந்தது அந்தப் பூனைதான். போனைப் பிடிக்க ஒருவர் வேண்டும் என்பதால் நான் அந்தக் காட்சியில் இல்லை.

பிறகு ஆயுத பூஜை வந்தது. இந்த இடத்தைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டுகிறேன். வழக்கம்போல் அரிவாள், மண்வெட்டி, குந்தவையின் தையல் மெஷின், என் விசில் எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்து வரிசையாக அடுக்கினோம். இந்த வருஷம் நடு இடம் இன்ஜினுக்கு. சந்தனம் குங்குமம் எங்கே வைப்பது என்ற கேள்வி எழுந்தது. நெற்றியில் வைப்பதுதான் முறை. இன்ஜினுக்கு நெற்றி எது? சுற்றிச் சுற்றிப் பார்த்ததில் உச்சியில் இருப்பது பெட்ரோல் டேங்க்கின் மூடி. அது வட்டமாக, ஏந்தலாக, பொட்டு வைப்பதற்கென்றே செய்ததுபோல இருந்தது. மண்வெட்டிக்கு வைப்பதுபோல ஒரு விரலால் தொட்டு வைத்தால் தங்களுக்கு மரியாதைக் குறைவு என்று, உங்கள் அத்தை உரசி வைத்திருந்த சந்தனம் முழுவதையும் மூடிமேல் அப்பி, நடுவில் ரூபாய் அகலத்துக்குக் குங்குமம் வைத்தேன். போட்டோ எடுத்து அனுப்பினோம். தாங்களும் கும்பிடுவது போன்ற படம் அனுப்பினீர்கள். பூஜையில் வைத்த சந்தனத்தை யாரும் துடைப்பதில்லை, அதுவாக உதிரட்டும் என்று விட்டுவிடுவதுதான் நம் பக்கத்து வழக்கம். அது உதிரவில்லை. நல்ல சந்தனம், சிமெண்டு மாதிரி இறுகிவிட்டது.

ஐப்பசிக் கடைசியில் மழை பிடித்தது. விட்டுவிட்டுப் பெய்தால் பரவாயில்லை, விடாமல் பெய்தது. வடிவாய்க்கால் நிரம்பி, வயலில் இருந்து வெளியே போக வேண்டிய தண்ணீர் வெளியிலிருந்து உள்ளே வந்தது. நட்டு ஒரு மாதம்கூட ஆகாத பயிர், நுனிகூடத் தெரியவில்லை. வரப்பு எது, வாய்க்கால் எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே ஏரியாகக் கிடந்தது. இந்தத் தண்ணீரை மடையை அடைத்துவிட்டு இறைத்துத்தான் வெளியேற்ற வேண்டும், நாலு நாளுக்கு மேல் நின்றால் பயிர் அழுகிவிடும். மழை கொஞ்சம் ஓய்ந்து வரப்பு தலைகாட்டிய அன்று காலையில் இன்ஜினை வண்டியில் ஏற்றி மேட்டு வரப்பில் கொண்டுபோய் வைத்தோம். ஆயில் பார்த்தேன். ஃபில்டர் பார்த்தேன். பிளக் பார்த்தேன். நம் வயல் வடிந்ததும் இன்ஜினைத் தனக்குத் தர வேண்டும் என்று மருதையனும் வந்து கரையில் நின்றார். ஸ்டார்ட் பண்ணும் கயிறு ஒரே இழுப்பு, இன்ஜின் பிடித்துக்கொண்டது. ஓஸ் முனையில் தண்ணீர் பானைத் தடிமனுக்குக் கொட்டிற்று. எனக்குப் பெருமையாக இருந்தது, மறைப்பானேன்.

ஒரு டம்ளர் டீ குடித்து முடிக்கும் நேரம் ஓடியிருக்கும். இருமிற்று, திணறிற்று, நின்றுவிட்டது. சற்றுப் பொறுத்து மறுபடி இழுத்ததில் மறுபடி ஓடிற்று, மறுபடி டீ குடிக்கும் நேரம், மறுபடி நின்றது. பிளக்கைக் கழற்றித் துடைத்தேன். பஞ்சைக் கழற்றி மோந்து பார்த்தேன், மீன் வாடைகூடப் போயிருந்தது. ஆயில் கோட்டில் நின்றது. தங்களுக்குப் போன் செய்தேன், மீட்டிங்கில் இருந்தீர்கள். பிறகு தாங்களே கூப்பிட்டு ஒவ்வொன்றாகக் கேட்டீர்கள். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன். எல்லாம் உண்மை. “அப்ப ஓடணுமே மாமா” என்றீர்கள். அதை நான் இன்ஜினிடம் தெரிவித்தேன்.

சாயங்காலம்வரை இப்படியே போயிற்று. வடிந்த தண்ணீரைவிட மறுபடி பெய்த தூறல்தான் அதிகம். மருதையன் தன் வயலைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வீட்டுக்குப் போனார். நான் வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். மாப்பிள்ளையிடம் எழுதக்கூடாத விஷயம்தான், ஆனாலும் எழுதுகிறேன், எனக்கு அழுகை வந்துவிட்டது. மைதானத்தில் எத்தனையோ பையன்கள் தோற்றுவிட்டு வந்து என் முன்னால் அழுதிருக்கிறார்கள், அழுதா பாயிண்ட் குடுப்பாங்களாடா என்று விரட்டியிருக்கிறேன். அன்றைக்கு என்னை விரட்ட ஆளில்லை. ஃபிளாட்டின் அந்த ஜன்னல் மட்டும் கண்ணுக்கு முன்னால் வந்து வந்து போனது.

மறுநாள் காலையிலும் அதே கதைதான். இன்ஜின் ஓடுவதும் நிற்பதுமாக இருக்க, உங்கள் அத்தைக்கு ஒரு சந்தேகம், நான் பெட்ரோல் ஊற்றாமலேயே ஊற்றியதாகச் சொல்கிறேன் என்று. இந்த மாதிரிச் சந்தேகங்கள் அவளுக்குக் கல்யாணமான நாளிலிருந்து உண்டு. இன்ஜின் திணற ஆரம்பித்த சமயம் பார்த்து, சட்டென்று டேங்க் மூடியைத் திருகிவிட்டாள். குக்கர் மூடியைத் தளர்த்தினால் வருமே, அதுபோல உஸ்ஸென்று ஒரு சத்தம். நிற்கப்போன இன்ஜின் நிமிர்ந்து கம்பீரமாக ஓட ஆரம்பித்தது. ஓடும்போது மூடியைத் திறக்கவே கூடாது, தீப்பிடிக்கும் என்று தாங்கள் கண்டித்துச் சொல்லியிருந்தது என் நினைவில் இருந்ததால் உடனே விசில் ஊதினேன். அவள் மூடினாள். டீ குடிக்கும் நேரத்தில் நின்றுவிட்டது. மறுபடி ஓடவிட்டு, மறுபடி திணறியதும் அவள் திறந்தாள், ஓடிற்று. நான் ஊதினேன், மூடினாள், நின்றது. இந்தப் பயிற்சியை நாங்கள் பலமுறை செய்தோம்.

கடைசியில் அவள் மூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, என் வாயிலிருந்து விசிலையும் எடுத்துவிட்டு, கேட்டாள்: “எண்ணெ டின்னுல ஒரே ஓட்டை போட்டுக் கவுத்தா எண்ணெ வருமா? காத்துக்கு இன்னொரு ஓட்டை வேணுமில்ல? இதுல அது எங்க?” மூடியின் உள்பக்கம் பார்த்தோம், ஒரு சின்னத் துவாரம் இருந்தது. வெளிப்பக்கம் அது வரவேண்டிய இடத்தில் ஆயுத பூஜை இருந்தது. அவள் தாலிச்சரட்டில் மாட்டியிருந்த ஊக்கை எடுத்துச் சந்தனத்தைக் குத்திக் குத்திப் பெயர்த்தாள். பக்தியோடு அப்பியது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. வாயால் ஊதிப் பார்த்து, காற்று போகிறது என்று சொல்லி மூடியை இறுக்கினாள். அதன் பிறகு இன்ஜின் நிற்கவில்லை, பெட்ரோல் ஊற்றுவதற்காக நாங்களாக நிறுத்தி ஆறவிட்டதைத் தவிர.

இவ்வளவும் என் மேற்பார்வையில் நடந்தது. சந்தனம் துவாரத்தை அடைத்திருப்பது தங்களுக்கு நாங்கள் அனுப்பிய போட்டோவில் தெளிவாகவே தெரிகிறது. தினமும் கப்பலைப் பார்க்கிற கண்ணுக்கு அது படவில்லை. குறையாகச் சொல்லவில்லை, தகவலுக்காக எழுதுகிறேன்.

மூன்றாம் நாள் மதியம் பயிரின் நுனி தெரிந்தது. முதலில் மேட்டுப் பக்கம் பத்துப் பன்னிரண்டு, அப்புறம் வரிசை வரிசையாக. சேறு அப்பி, மஞ்சளாக, தலை சாய்ந்துதான் இருந்தது, ஆனாலும் உயிர் இருந்தது. நான் ஒரு குத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன், வேர் பிடியை விடவில்லை. உடனே இன்ஜினை மருதையன் வயலுக்குக் கொடுத்து அனுப்பினேன், அவருடையதும் முக்கால் பாகம் பிழைத்தது. உரம் போட்டு, களையெடுத்து, இப்போது பயிர் கரும்பச்சையாக நிற்கிறது. காலையில் போனால் அங்கேயே நின்றுவிடுகிறேன், உங்கள் அத்தை ஆளனுப்பிக் கூப்பிட வேண்டியிருக்கிறது.

ஆகவே ஒப்பந்தப்படி இன்ஜின் பராமரிக்கப்பட்டது, போகம் காப்பாற்றப்பட்டது, நிலம் குத்தகைக்குப் போகாது, ஃபிளாட் விஷயத்தை இத்துடன் முடித்துக்கொள்வோம். வேண்டுமானால் அதை வாடகைக்கு விடுங்கள், எதிர் ஜன்னல்காரர்களுக்கும் பார்க்க யாராவது வேண்டுமே. பொங்கலுக்கு லீவு போட்டு வந்து இன்ஜினை நேரில் பரிசோதிக்க உத்தேசம் என்று குந்தவை சொன்னாள். அவ்வளவு தூரம், அவ்வளவு செலவு, அதற்கு அவசியமே இல்லை. இன்ஜினை யாரும் பரிசோதிக்க வேண்டாம். நான் இருக்கிறேன், என் உடம்பு மைதானத்தில் விளைந்த உடம்பு, எதையும் தாங்கும்.

மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைவரை வந்து சேர்வதுபோல சகல நன்மைகளும் எங்கும் தடைபடாமல் தங்கள் வாசலுக்கு வந்து சேரட்டும். மகளுக்கு என் ஆசி. பேரனுக்கு முத்தம், கன்றுக்குட்டிக்கு அவன் பெயரைத்தான் வைத்திருக்கிறோம் என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நலம் நாடும் மாமனார்,
வீரையன்.

பின்குறிப்பு: மாப்பிள்ளைக்கு, மங்களாம்பிகை எழுதுறேன். உங்க மாமா கவரை ஒட்டச் சொல்லி எங்கிட்ட குடுத்துட்டு ஃபாஜிலைப் பாக்கப் போயிருக்காங்க. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல வாங்க, சாப்பிடுங்கங்கறதுக்கு மேல நான் உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல, கதவுக்குப் பின்னால நின்னே பழகிட்டு. இப்ப எழுதாம முடியல, தப்பா நினைக்காதீங்க.

கடுதாசி முழுக்க இன்ஜின் ஸ்டார்ட் ஆச்சு, ஸ்டார்ட் ஆச்சுன்னு எழுதியிருக்காங்க. அது தானா ஆகல. அவங்களுக்கு வலது கை தோளுக்கு மேல எழும்பாது. சட்டையே நான்தான் மாட்டிவிடுறேன். இன்ஜின் வந்த அன்னிக்கு ஒரே ஒரு தடவை கயித்தைப் புடிச்சு இழுத்தாங்க. அப்புறம் கொட்டகைக்குப் பின்னால போனவங்க ரொம்ப நேரம் வரல. நானும் போய்ப் பாக்கல. மறுநாள்லேருந்து கயித்தை நான் இழுக்குறேன். அதப்பத்தி ரெண்டு பேரும் இதுவரைக்கும் பேசிக்கிட்டதில்ல. வீடியோவுல நீங்க கேக்குறப்ப போனை நான் புடிச்சுக்கறேம்பாங்க, நான் கயித்துப் பக்கம் போயிடுவேன்.

இதைத் தெரிஞ்சுக்கிட்டு ஒப்பந்தம் செல்லாதுன்னுடாதீங்க. ஒப்பந்தம் பேசினது நீங்க ரெண்டு பேரும். கயிறு இழுத்தது நான், என்னைத்தான் யாரும் கேக்கல. அதனால முடிவை நான் சொல்றேன். நிலம் குத்தகைக்குப் போக வேண்டாம், அடுத்த போகமும் நாங்கதான் பண்ணப் போறோம். ஃபிளாட்டை வாடகைக்கு விட்டுடாதீங்க. அறுப்பு முடிஞ்சதும் ஒரு மாசம் அங்க வந்து இருந்து இந்தத் தோளுக்கு வைத்தியம் பாக்கணும். நான் சொன்னா டாக்டர்கிட்ட வரமாட்டேங்கறாங்க, நீங்க சொன்னா தட்ட மாட்டாங்க.

பொங்கலுக்கு அவசியம் வாங்க. இன்ஜினைப் பாக்க வந்தேன்னே சொல்லுங்க. ஆனா வந்ததும், ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்க மாமான்னு மட்டும் கேட்டுடாதீங்க. கயித்தை நீங்களே இழுத்துடுங்க.